பொம்மைக் கார் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணப் பந்தியில், ஆபீஸ் டீ இடைவேளையில், பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் என்று கார் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசை முறை ஒன்றும் இல்லை. படிக்கும்போது ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கார் பொழுதுபோக்கில் முதலில் செலவழிக்க வேண்டியது நேரமும் கண்ணும். பர்ஸைக் கடைசியில் திறந்தால் போதும்.

சொந்தமாகக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. இதில் எனக்கு என்ன வேலை?

நிறைய இருக்கிறது. மாடல் கார் சேகரிக்கலாம், ரிமோட் கார் ஓட்டலாம், பந்தயத் தடத்தில் கொடி பிடிக்கும் மார்ஷலாகப் போகலாம். எனக்குத் தெரிந்து கார்களைப் பற்றி மிக நுணுக்கமாகப் பேசும் ஒருவர் தினமும் மின்சார ரயிலில்தான் வேலைக்குப் போகிறார்.

மாடல் கார் பெட்டியில் 1:64, 1:43, 1:18 என்று போட்டிருக்கிறதே, எதில் தொடங்குவது?

அசல் கார் எத்தனை மடங்கு சுருங்கியிருக்கிறது என்பதுதான் அந்த எண். நான்கு மீட்டர் நீளமுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1:64 அளவில் அது சுமார் 6 செ.மீ. 1:43-ல் 9 செ.மீக்குச் சற்று மேல். 1:18-ல் 22 செ.மீ. அந்தப் பெரிய அளவில் கதவு திறக்கும், ஸ்டீயரிங் திருப்பினால் முன் சக்கரம் திரும்பும், பானெட்டைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். ஆனால் பத்து கார் வாங்கினால் ஒரு அலமாரியே நிறைந்துவிடும்.

வீட்டில் இடம் குறைவு, கையில் காசும் குறைவு என்றால் 1:64தான் சரி. மேட்டல் நிறுவனம் 1968-ல் கொண்டுவந்த ஹாட் வீல்ஸ் இந்த வகை. அதற்கு முன்பே, 1953-லிருந்து, இங்கிலாந்தின் லெஸ்னி நிறுவனம் மேட்ச்பாக்ஸ் கார்களைச் செய்துகொண்டிருந்தது. அந்த நிறுவனத்தின் பங்குதாரர் ஜாக் ஓடலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டும்தான் கொண்டுவரலாம் என்று விதி. மகளுக்காக அவர் சின்னதாக ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். பெயர் வந்தது அப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை: ஹாட் வீல்ஸ் எல்லாமே சரியான 1:64 கிடையாது. எல்லா வண்டியும் ஒரே அளவு அட்டைக்குள் அடங்க வேண்டும் என்பதால் லாரியை அதிகமாகச் சுருக்கி, குட்டிக் காரைச் சற்றுப் பெருக்கி விடுவார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். அளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் 1:43 பக்கம் போவது நல்லது.

சூப்பர் மார்க்கெட்டில் பெரியவர்கள் ஹாட் வீல்ஸ் கொக்கியைக் குடைந்துகொண்டிருக்கிறார்களே, எதைத் தேடுகிறார்கள்?

'டிரெஷர் ஹன்ட்' கார்களை. 1995 முதல் சில மாடல்களைக் குறைந்த எண்ணிக்கையில் செய்து, சாதாரண கார்களோடு கலந்து அனுப்புகிறார்கள். இப்போது வருபவற்றில் வட்டத்துக்குள் தீப்பிழம்பு போல ஒரு சின்னம், காருக்குப் பின்னால் அட்டையில் அச்சாகியிருக்கும். 2007-லிருந்து 'சூப்பர்' என்று இன்னொரு வகையும் உண்டு. அதில் பிளாஸ்டிக் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் டயர், உடம்பில் உலோகப் பளபளப்புள்ள பெயின்ட். விலை மட்டும் மற்ற கார்களின் அதே எம்ஆர்பி.

சிக்கல் என்னவென்றால், பெட்டி கடைக்குள் வந்து இறங்கும் முன்பே சிலர் அதைப் பொறுக்கிவிடுகிறார்கள். பிறகு அதே கார் ஆன்லைனில் பல மடங்கு விலையில் நிற்கும். அந்த விலைக்கு வாங்காதீர்கள் என்பேன். தேடிக் கிடைத்தால்தான் அதற்கு ருசி. உங்கள் பக்கத்தில் ஒரு சிறுவன் அதே காரை ஆசையோடு பார்த்துக்கொண்டு நின்றால் விட்டுக்கொடுத்து விடுங்கள்.

அட்டையைப் பிரிக்கலாமா, அப்படியே வைக்க வேண்டுமா?

திரும்ப விற்கும் எண்ணம் இருந்தால் பிரிக்காதீர்கள். இல்லையென்றால் பிரித்து உருட்டுங்கள். நான் பிரிக்கும் கட்சி.

இந்தியாவில் செய்த பழைய மாடல்களுக்கு மதிப்பு உண்டா?

உண்டு, அதுவும் வெளிநாட்டுக்காரர்களிடம்தான் அதிகம். 1980, 90-களில் 'லியோ மேட்டல்' என்ற பெயரில் ஹாட் வீல்ஸ் இங்கேயே தயாரானது. மற்ற நாடுகளில் வராத நிறங்களும் ஸ்டிக்கர்களும் அவற்றில் உண்டு என்பதால் தேடி வாங்குகிறார்கள். அதற்கும் முன்னால், இங்கிலாந்துப் பொம்மைக் கார்களான டிங்கி டாய்ஸின் பழைய அச்சுகளை வைத்து கல்கத்தாவில் 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்கள் வந்தன. பெயின்ட் கொஞ்சம் தடிப்பு, முடிப்பு கொஞ்சம் முரடு. அந்த முரட்டுத்தனத்தை வைத்தே தெரிந்தவர்கள் அடையாளம் சொல்லிவிடுவார்கள். பரணில் ஏதாவது கிடந்தால் தயவுசெய்து புது பெயின்ட் அடிக்காதீர்கள். மதிப்பு அந்தப் பழைய பெயின்டில்தான் இருக்கிறது.

தாத்தா காலத்துப் பொம்மைக் கார் தானாகவே விரிசல் விட்டு உதிர்கிறது. ஏன்?

இந்த வகைக் கார்கள் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் சேர்ந்திருந்தால், பல வருடங்களில் உலோகம் உள்ளுக்குள் அரித்து, உப்பி, விரிசல் விட்டு நொறுங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி கார்களில் இது பிரசித்தம். இதற்கு மருந்து கிடையாது. ஈரக்காற்று படாமல் பார்த்துக்கொண்டால் வேகம் குறையும், அவ்வளவுதான். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர் என்றால் கண்ணாடி அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ரப்பர் டயர் உள்ள மாடலை வருடக்கணக்கில் பிளாஸ்டிக் மேடை மேல் நிறுத்தினால், டயர் மேடையோடு ஒட்டி அதை உருக்கின மாதிரி பள்ளமாக்கிவிடும். டயருக்கு அடியில் சின்னதாக ஒரு அலுமினியத் தாள் துண்டு வைத்தால் போதும்.

ரிமோட் கார் என்றால் குழந்தைகள் சமாச்சாரம்தானே?

கடையில் பேட்டரி போட்டு விற்கும் பொம்மையை நினைத்துக் கேட்கிறீர்கள். பொழுதுபோக்குக்கான ஆர்.சி (ரேடியோ கன்ட்ரோல்) கார் வேறு ஜாதி. ஷாக் அப்சார்பர், டிஃபரன்ஷியல், கியர் எல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாட்டலாம். ஜப்பானின் டாமியா நிறுவனம் 1976-ல் போர்ஷே 934 மாடலில் தொடங்கி இதைப் பெரிய பொழுதுபோக்காக்கியது. கார் எப்படி வேலை செய்கிறது என்று கையால் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. கிட்டாக வாங்கி நீங்களே பூட்டுங்கள். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி என்றால் ஆள் பக்கத்தில் இல்லாமல் சார்ஜ் போடவே கூடாது, உப்பின பேட்டரியைத் தொடவே கூடாது. வீட்டுக்குள் தீப்பிடித்த கதைகள் நிஜம்.

பழைய கார் ஒன்று வாங்கிச் சரிசெய்து ஓட்ட ஆசை. எதை வாங்கலாம்?

உதிரி பாகம் கிடைக்கும் காரை. அழகு அதற்கு அப்புறம். அந்தக் கணக்கில் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800 மூன்றும் பாதுகாப்பான தேர்வுகள். சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும், கோவையில் உக்கடமும் இருக்கும்வரை இவற்றைக் காப்பாற்றிவிடலாம்.

மனசு கேட்காது, வித்தியாசமாக வேண்டும் என்றால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் தயாரான கார் அது. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961-லிருந்து அதைச் செய்தது, பிறகு 1972-ல் கேசல் வந்தது, 1985-ல் ஸ்டாண்டர்டு 2000. அதோடு கம்பெனியின் கதையும் முடிந்தது. ஹெரால்டில் பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து முன்பக்கம் முழுவதுமே முன்னோக்கிக் கவிழும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினை வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகள் அந்தக் காரைப் பற்றி இன்னும் பாசமாகப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்ன காந்தம் கொண்டுபோங்கள். பெயின்டில் கீறல் விழாமல் மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, டிக்கி ஓரம் ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் தகரம். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே பட்டி பார்த்திருக்கிறார்கள், உள்ளே துரு. கால்மிதியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். எஞ்சினை யாரும் சரிசெய்துவிடலாம். டிங்கரிங் வேலைதான் ஆளை விழுங்கும். அப்புறம் ஆர்சி புக்கில் இருக்கும் எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று நீங்களே குனிந்து படியுங்கள். புரோக்கர் சொல்வதைக் கேட்டு நிமிர்ந்துவிடாதீர்கள். ஆர்சி இல்லாத காரை, 'எடுத்துக்கலாம் சார், ஆர்டிஓவில் நம்ம ஆள் இருக்கார்' என்று சொன்னால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

விண்டேஜ் கார் என்று தனியாகப் பதிவு உண்டாமே?

2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, வணிகப் பயன்பாட்டில் இல்லாத, எஞ்சினும் உடலும் பெரிதாக மாற்றப்படாத வண்டி விண்டேஜ். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், நம்பரில் மாநில எழுத்துக்கு அடுத்து 'வி.ஏ' என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். இந்தப் பதிவில் உள்ள காரைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது.

வாங்காமல் பார்த்தால் போதும் என்பவர்கள் கோவை அவினாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு அரை நாள் ஒதுக்கலாம்.

கார் பந்தயம் என்றாலே சென்னை, கோவை என்கிறார்களே, ஏன்?

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் சோழவரத்தில் தொடங்கியது அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அங்கே சும்மா கிடந்தது. 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. சோழவரம் ரேஸ் என்றால் ஊரே திரண்டு போகும் திருவிழா. விஜய் மல்லையா பழைய ஃபார்முலா ஒன் கார் ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டியதெல்லாம் அங்கேதான். பிறகு கிளப்பே சொந்தமாக இடம் வாங்கி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தடம் போட்டது. 1990-லிருந்து அது ஓடுகிறது. நீளம் 3.7 கி.மீ., 12 வளைவுகள்.

கோவைக்கு ஒரு மனிதர் காரணம்: எஸ். கரிவர்தன். மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, 1988-ல் 'ஃபார்முலா மாருதி'யைத் தொடங்கி வைத்தார். வெளிநாட்டுக் கார் இறக்குமதி செய்ய வசதி இல்லாத பையன்களுக்கு அதுதான் வாசல். 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கி.மீ. தடத்துக்கு அவர் பெயர்தான், கரி மோட்டார் ஸ்பீட்வே. நடிகர் அஜித்குமாரும் ஃபார்முலா மாருதி ஓட்டிவிட்டுத்தான் வெளிநாட்டுப் பந்தயங்களுக்குப் போனார்.

கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர். அந்த வருட அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவது வந்தார். 'ஆறு கார்தானே ஓடியது' என்று இன்றும் சிலர் இழுப்பார்கள். டயர் பிரச்சினையில் மற்ற அணிகள் ஒதுங்கினதற்கு அவர் என்ன செய்வார்? 2010-ல் சென்னைக்காரர் கருண் சந்தோக் வந்தார். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் தெருப் பந்தயமே நடந்தது.

பணம் அதிகம் இல்லை. ஆனால் போட்டியில் கலந்துகொள்ள வேண்டும். வழி உண்டா?

டிஎஸ்டி ராலி. நேரம், வேகம், தூரம் மூன்றையும் வைத்து விளையாடுவது. உங்கள் வீட்டுக் காரே போதும், டிரைவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து வழியும் கணக்கும் சொல்லும் நேவிகேட்டர் ஒருவர். இதில் வேகமாகப் போகிறவர் தோற்பார். எல்லோரும் ஓடும் சாதாரணச் சாலையிலேயே, சட்ட வேகத்துக்குள்தான் நடக்கும்.

கிளம்பும்போது ஒரு ரோடு புக் தருவார்கள். எத்தனையாவது கி.மீட்டரில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தப் பகுதியில் என்ன சராசரி வேகம் என்று அதில் இருக்கும். மணிக்கு 36 கி.மீ. என்று போட்டிருந்தால் வினாடிக்குச் சரியாக 10 மீட்டர். காலை 7.04-க்குக் கிளம்பினால் 18-வது கி.மீட்டரில் 7.34-க்கு இருக்க வேண்டும். வழியில் எங்கே நேரம் குறிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள். புளியமரத்துக்குப் பின்னால் ஒரு மார்ஷல் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார். தாமதத்துக்கு அபராதம் உண்டு. சீக்கிரம் வந்தாலும் உண்டு, பெரும்பாலும் அதற்குத்தான் அதிகம்.

சூட்சுமம் உங்கள் காரின் தூரம் காட்டும் மீட்டரில் இருக்கிறது. தொடக்கத்தில் அளந்து வைத்த ஒரு தூரம் தருவார்கள். அவர்கள் 10 கி.மீ. என்று சொல்லும் இடத்தில் உங்கள் மீட்டர் 10.2 காட்டினால், புத்தகத்தில் 25-வது கி.மீ. என்று இருக்கும் திருப்பம் உங்களுக்கு 25.5-ல் வரும். இந்தக் கணக்கை முதல் அரை மணி நேரத்துக்குள் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிடிக்காதவர்கள் மதியம் ஏதோ ஒரு கண்மாய்க்கரையில் நின்று, யார் பக்கம் தப்பு என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். கணவன் மனைவி ஜோடியாகப் போகலாமா என்று கேட்கிறார்கள். போகலாம், நன்றாகவே செய்கிறார்கள். கணக்கு நன்றாக வருபவர் புத்தகத்தைப் பிடிக்கட்டும்.

தடத்தில் பந்தயம் ஓட்ட என்ன செய்ய வேண்டும்?

முதலில் கோ-கார்ட், அதாவது தரையை ஒட்டி ஓடும் குட்டிப் பந்தய வண்டி. வார இறுதியில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கை, தோள், விலா மூன்றும் மறுநாள் வலிக்கும், அதைத் தாண்டியும் திரும்பப் போகத் தோன்றினால் மேற்கொண்டு யோசிக்கலாம். குழந்தைகள் எட்டு ஒன்பது வயதிலேயே கார்ட் பந்தயத்தில் இறங்குகிறார்கள்.

அடுத்து பயிற்சிப் பள்ளி. இரண்டு மூன்று நாள் வகுப்பில் பந்தயக் கோடு (வளைவில் காரைக் கொண்டுபோக வேண்டிய பாதை), பிரேக் போடும் இடம், கொடிகளின் பொருள் எல்லாம் சொல்லிக்கொடுத்துச் சான்று தருவார்கள். அதையும் மருத்துவச் சான்றையும் வைத்து, இந்திய மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்எம்எஸ்சிஐ அமைப்பிடம் பந்தய உரிமம் எடுக்க வேண்டும். அது இல்லாமல் அங்கீகாரம் பெற்ற எந்தப் பந்தயத்திலும் நிற்க முடியாது.

அதன்பிறகு பெரும்பாலானவர்கள் ஃபார்முலா எல்ஜிபி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் தொடங்குகிறார்கள். மாருதி எஞ்சின், கோவைத் தயாரிப்பு. அணிகள் காரையும் மெக்கானிக்கையும் தருவார்கள், நீங்கள் ஹெல்மெட்டோடு போய் உட்கார்ந்து, ஒவ்வொரு போட்டிச் சுற்றுக்கும் இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும். புதியவர்களுக்கென்றே நோவிஸ் கப்பும் உண்டு. ஒரு சீசன் முழுக்க ஓட்டினால் செலவு லட்சங்களில் வரும். காரை இடித்தால் அந்தச் செலவு தனி, இதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டு நகை மேல் கண் வைக்காமல் செய்ய முடியாது என்றால் மார்ஷலாகப் போங்கள். மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டு நிற்கும் இடத்திலிருந்து தெரியும் பந்தயம் எந்த டிக்கெட்டிலும் தெரியாது.

பைக் ஹெல்மெட் போதாதா?

போதாது. கார் பந்தய ஹெல்மெட்டில் உள்ளுறை தீப்பிடிக்காத துணியில் இருக்க வேண்டும். ஹெல்மெட் பாதுகாப்பைச் சோதித்துத் தரும் ஸ்னெல் முத்திரையில் 'எஸ்ஏ' என்றால் கார், 'எம்' என்றால் மோட்டார் சைக்கிள். ஹெல்மெட்டின் உள்ளே, மெத்தைக்கு அடியில் அந்த ஸ்டிக்கர் இருக்கும், பரிசோதனையில் அதைத்தான் தேடுவார்கள். சூட், கையுறை, ஷூவும் அப்படியே. யாரோ போட்டு விழுந்த ஹெல்மெட்டைப் பாதி விலைக்கு வாங்காதீர்கள்.

இரவில் இசிஆர் காலியாகத்தானே இருக்கிறது, அங்கே ஒரு கை பார்க்கக் கூடாதா?

கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி, அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். எதிரே மீன் ஏற்றிக்கொண்டு டிவிஎஸ் 50-யில் வரும் ஆளுக்கு நீங்கள் பந்தயம் விடுவது தெரியாது.

என் காரில் சைலன்சர், எஞ்சின் எல்லாம் மாற்றலாமா?

ஆர்சியில் உள்ள விவரத்திலிருந்து மாறும்படி எதைச் செய்தாலும் சட்டப்படி தப்பு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அங்கீகரிக்கப்பட்ட சிஎன்ஜி, எல்பிஜி கிட் மாட்டுவது அனுமதி வாங்கிச் செய்யக்கூடியது. பந்தயத்துக்கு மட்டும் தயார் செய்த கார் என்றால் அதை டிரக்கில் ஏற்றித்தான் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

தடத்தில் என் சொந்தக் காரை ஓட்டி இடித்தால் இன்சூரன்ஸ் வருமா?

வராது. பாலிசியை எடுத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை எதற்கும் பொருந்தாது என்று இருக்கும். டிராக் டே (சொந்தக் காரைத் தடத்தில் ஓட்ட விடும் நாள்) போகும் முன் டயரும் பிரேக் பேடும் புதிதாக இருக்கட்டும். இடித்தால் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று வீட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

முதல் தடவையாக ரேஸ் பார்க்கப் போகிறோம், குழந்தைகளும் வருகிறார்கள். என்ன கொண்டுபோக வேண்டும்?

தொப்பி, நிறையத் தண்ணீர், சாப்பாடு. நிழலை நம்பாதீர்கள். முக்கியமாகக் காது அடைப்பான், பெரியவர்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு மாதிரியானது போதும், சின்னக் குழந்தைகளுக்குத் தலையில் மாட்டுகிற வகை. ஞாயிறு இறுதிப் பந்தயத்தைவிட சனிக்கிழமை தகுதிச் சுற்றுக்குப் போவது மேல். கூட்டம் குறைவு. அனுமதி கிடைத்தால் அணிகள் கார்களைத் தயார் செய்யும் பேடாக் பக்கம் நடந்து, மெக்கானிக்குகள் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். வேலை நடக்கும்போது மட்டும் கேள்வி கேட்காதீர்கள்.